கவுண்டி ஹாலைப் பூட்டிவிட்டார்கள், பக்கத்து மனைக்கு பர்மிட் மனு. எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது?

மல்லிப்பந்தல்:

வணக்கம். கலிஃபோர்னியாவில் கவுண்டி ஆபீஸ்களோடு பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் இடம் எந்த நகர எல்லைக்குள்ளும் வராது. தபால் முகவரியில் பக்கத்து ஊர்ப் பெயர் இருக்கும், அவ்வளவுதான். மேயர் கிடையாது, கவுன்சில் கிடையாது. சாலை, பர்மிட், ஷெரீஃப் எல்லாமே கவுண்டி. எந்தக் கவுண்டி என்று இங்கே எழுத விரும்பவில்லை.

தெருமுனையில் கவுண்டிக்குச் சொந்தமான பழைய செங்கல் ஹால் இருக்கிறது. 1920களில் கட்டியதாம். மரத்தரை, சின்ன மேடை, மேடைக்குப் பின்னால் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஓர் அறை. ஞாயிறு காலை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு அங்கேதான். வார நாட்களில் முதியோருக்கு மதியச் சாப்பாடு. மழைக்காலத்தில் மேடையோரம் வாளி வைப்பது வழக்கம், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன மாதம் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள்: பாதுகாப்புக் காரணங்களுக்காக மறு அறிவிப்பு வரை மூடல். தேதி இல்லை, கையெழுத்து இல்லை, எந்தத் துறை என்றும் இல்லை.

அந்தச் சூட்டோடு சூடாக ஹாலை அடுத்த காலி மனையின் வேலியில் ஒரு மஞ்சள் போர்டு. ஆர்வி வண்டிகளும் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகள்) படகுகளும் நிறுத்திவைக்கும் யார்டுக்குக் கண்டிஷனல் யூஸ் பர்மிட் (நிபந்தனைகளோடு தரும் நிலப் பயன்பாட்டு அனுமதி) கேட்டிருக்கிறார்கள், பிளானிங் கமிஷனில் ஹியரிங். போர்டில் இருந்த வரைபடத்தை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். யார்டுக்குள் போகும் வழி, ஹாலின் பார்க்கிங் மேலேயே புள்ளிக்கோடாகப் போகிறது!

கட்டடங்களைப் பார்க்கும் துறைக்கு போன் செய்தால், "பர்மிட்டா? பிளானிங்கைக் கேளுங்கள்" என்கிறார்கள். பிளானிங்கைக் கேட்டால், "ஹால் எங்கள் கையில் இல்லை." மின்னஞ்சலுக்கு, பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி.

ஊரில் என் அப்பா எதற்கெடுத்தாலும் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டுவிடுவார். இங்கே அப்படி ஏதாவது உண்டா? நாங்கள் வாடகைக்காரர்கள், கிரீன் கார்டு, ஓட்டு இல்லை. எங்களுக்கு லெட்டர்கூட வரவில்லை. கேட்க உரிமை இருக்கிறதா?


ஏன்வம்பு:

விடுங்கள் சகோதரி. இதெல்லாம் முன்னமே பேசி முடித்திருப்பார்கள். ஹியரிங் என்பது சடங்கு. மூன்று நிமிடம் பேசவிட்டு, நன்றி சொல்லி, கை தூக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழ் வகுப்புக்கு வேறு இடம் பாருங்கள்.


பழையகவுன்டர்:

மேலே சொன்ன நண்பரின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கவுண்டி பிளானிங் ஆபீஸில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். மக்கள் நினைப்பதுபோல் அங்கே ரகசியம் அதிகம் இல்லை. கேட்காத காகிதத்தை யாரும் எடுத்துக் காட்டமாட்டார்கள், அதுதான் சங்கதி. "என்ன நடக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வந்துதான் ஆக வேண்டும். இரண்டு துறையும் உங்களை அலைக்கழித்தது சதி என்று நினைக்காதீர்கள். ஒருவர் மேஜையில் இருப்பது மற்றவருக்கு உண்மையிலேயே தெரியாது.

முதலில் உரிமை. இங்கே உள்ள பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டம் 1968இல் வந்தது. ஆர்டிஐ 2005இல் வந்தபோது குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதினார்கள். இங்கே அந்த வேலி கிடையாது. கிரீன் கார்டு, விசா, வாடகை எதுவும் குறுக்கே வராது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் வேண்டாம். ஆபீஸில் போய்ப் பார்க்கக் கட்டணம் இல்லை, நகல் எடுத்தால் நகலுக்கான செலவு மட்டும். மின்னணு ஆவணத்தில் மறைக்க வேண்டியதை மறைக்கும் வேலைக்கும் காசு கேட்ட ஹேவர்ட் நகராட்சியை மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் கூடாது என்றுவிட்டது. கூட்டத்தில் பேசுவதற்கும் இதே கதைதான். பெயரைப் பதிந்தால்தான் உள்ளே விடுவேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது பிரவுன் சட்டம், 1953. மொடெஸ்டோ பக்கத்து சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் கொண்டுவந்தது.

லெட்டர் வராததற்குக் காரணம் எளிது. ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்பு, மனையிலிருந்து 300 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு அனுப்பினால் சட்டப்படி போதும். வரிப் பதிவேட்டில் இருக்கும் பெயருக்குத்தான் போகும். உங்கள் வீட்டுக்காரர் அதைக் குப்பையில் போட்டிருப்பார். இன்றைக்கே பிளானிங்குக்கு, இந்த மனு எண் தொடர்பான எல்லா நோட்டீஸும் எனக்கு வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். அப்புறம் நீங்களும் பட்டியலில் வந்துவிடுவீர்கள்.

இப்போது பர்மிட். கலிஃபோர்னியாவில் எந்த பர்மிட் என்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அதிகாரி விதியைப் பார்த்து டிக் அடிக்கும் வகையா, அல்லது யோசித்து முடிவெடுக்கும் வகையா? உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொல்லையில் ஒரு சின்ன வீடு கட்டினால் அது முதல் வகை. ஹியரிங் கிடையாது, 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும், நீங்கள் கத்தினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்வி யார்டுக்குக் கேட்டிருப்பது இரண்டாவது வகை. "இந்த ஜோனில் இது வரலாம், ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்துகிறதா?" என்று கமிஷன் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு எழுத்தில் காரணங்கள் வேண்டும். டோபாங்கா மலைப்பகுதியில் ஒரு மொபைல் ஹோம் பார்க்குக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி விதிவிலக்கு கொடுத்தது. குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. உங்கள் கையில் உள்ள ஆதாரத்திலிருந்து முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1974இல் சொன்னது. இன்றைக்கும் ஸ்டாஃப் ரிப்போர்ட் (அதிகாரிகள் கமிஷனுக்குக் கொடுக்கும் அறிக்கை) கடைசியில் "ஃபைண்டிங்ஸ்" என்று பக்கம் பக்கமாக வருவது அதனால்தான். பலரும் அதைப் புரட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் அங்கேயிருந்து படிக்கத் தொடங்குங்கள். "போக்குவரத்துக்குப் பாதிப்பு இல்லை" என்று எழுதியிருந்தால், அதற்கு ஆதாரமாக எதைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஆதாரம் அந்தப் புள்ளிக்கோடாக இருந்தால், உங்கள் வேலை பாதி முடிந்தது.

அந்தப் புள்ளிக்கோடுதான் எனக்கு ருசியான இடம். ஒருவர் தன் மனைக்கு மனு போட்டு, வழியை மட்டும் அடுத்தவர் நிலத்தில் வரைய முடியாது. வரைந்தால் அந்த அடுத்தவர் சம்மதம் வேண்டும். இங்கே அடுத்தவர் கவுண்டியே. கவுன்டரில் நாங்கள் முதலில் பார்ப்பது மனுவின் முதல் பக்கத்தில் நில உரிமையாளர் கையெழுத்தைத்தான். அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். ஹால் இருக்கும் மனையின் பார்சல் எண் (கவுண்டிப் பதிவேட்டில் அந்த மனைக்குள்ள எண்) அதில் இருக்கிறதா? இருந்தால் கவுண்டி சார்பில் கையெழுத்துப் போட்டது யார்? இல்லையென்றால், அந்த வழி இல்லாமல் யார்டுக்கு வேறு எந்த வழி? இந்த மூன்றையும் கேட்டாலே பிளானர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆவணம் கேட்டு எழுதும்போது இப்படி எழுதுங்கள், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்: "பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டத்தின்படி கீழ்க்கண்டவை வேண்டும். இந்த முகவரியில் உள்ள ஹால் பற்றிக் கடந்த 10 ஆண்டுகளில் செய்த கட்டமைப்பு ஆய்வுகள், கட்டட நிலை மதிப்பீடுகள், கூரை பழுதுக்கான வேலை உத்தரவுகள். ஹாலை மூட எடுத்த முடிவு பற்றிய கடிதங்கள். ஹால் பார்சல் மீது வழி கொடுப்பது, குத்தகை, விற்பனை பற்றி மனுதாரருக்கும் கவுண்டிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து, தனிப்பட்ட போன், தனிப்பட்ட மின்னஞ்சலில் நடந்தவை உட்பட." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சான் ஹோசே நகரத்தின் வழக்கில் 2017இலேயே தீர்ப்பு வந்துவிட்டது, அரசு வேலையைச் சொந்த போனில் பேசினாலும் அது அரசு ஆவணம்தான். எல்லா ஆவணமும், எல்லா மின்னஞ்சலும் என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி வரும் கடிதம் மேஜையின் அடித்தட்டுக்குப் போகும், நானே போட்டிருக்கிறேன்.

10 நாளில் பதில் வரும். அதில் ஆவணம் இருக்காது, கொடுக்கலாமா கூடாதா என்ற முடிவு மட்டும் இருக்கும். இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். வரைவு, வக்கீல் கடிதம் என்று சிலவற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொண்டால் எந்தப் பிரிவின்படி என்று சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாத வேலை ஒன்று. கவுண்டியை நடத்தும் சூப்பர்வைசர் போர்டின் அஜெண்டாக்களைக் கவுண்டி தளத்தில் பழசிலிருந்து எடுத்துத் தேடுங்கள். வழக்கமான கூட்டமென்றால் 72 மணி நேரம் முன்பே வெளியிட்டிருக்க வேண்டும். எல்லோரும் நடுவில் உள்ள ஹியரிங் பகுதியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். ஒன்று கன்சென்ட் பகுதி, முப்பது நாற்பது விஷயத்தை ஒரே கைதூக்கலில் முடிக்கும் இடம். கட்டட ஆய்வுக்குக் கன்சல்டன்ட் நியமித்தது அங்கே இருக்கும். இன்னொன்று குளோஸ்டு செஷன், கதவை மூடிப் பேசுவது. நிலம் வாங்குவது, விற்பது, குத்தகை ஆகியவற்றின் விலையை மூடிய கதவுக்குள் பேசலாம். ஆனால் எந்தச் சொத்து, யாரோடு பேசுகிறோம் என்பதை அஜெண்டாவில் போட்டாக வேண்டும். முகவரி போடாமல் பார்சல் எண் மட்டும் போடுவார்கள். சொத்துவரிக்கு மதிப்புப் போடும் அசெஸர் தளத்தில் ஹாலின் பார்சல் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு தேடுங்கள்.


உத்தரம்:

நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். அண்ணன் காகிதத்தைச் சொல்லிவிட்டார், நான் சுவரைச் சொல்கிறேன்.

ஹாலின் வெளிச்சுவரைப் பகலில் போய்ப் பாருங்கள். செங்கல் வரிசைகளில் ஐந்தாறு வரிக்கு ஒருமுறை ஒரு வரி முழுவதும் செங்கல்லின் குட்டைப் பக்கம் தெரிகிறதா? தெரிந்தால் அது அலங்காரச் செங்கல் இல்லை, சுவரே செங்கல். உள்ளே கம்பி இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து கூரை மட்டத்தில் வெளியே வரிசையாக இரும்புத் தட்டுகள், பெரிய போல்ட் தலையோடு இருக்கின்றனவா? இருந்தால் யாரோ ஒரு காலத்தில் சுவரைக் கூரையோடு கட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால் நிலநடுக்கத்தில் முதலில் வெளியே சரிவது அந்தச் சுவரின் மேல்பாகம்தான், அதுவும் வாசலில் நிற்பவர் தலைமேல்.

1933 மார்ச் 10 லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் பல இடிந்தன. மாலை நேரம், பிள்ளைகள் வகுப்பில் இல்லை. ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் வந்து, பொதுப் பள்ளிக் கட்டடங்களைக் கடுமையான மேற்பார்வைக்குள் கொண்டுவந்தார்கள். உங்கள் ஹாலில் பிள்ளைகள் படித்தாலும் அது பள்ளி இல்லை, அந்தச் சட்டம் தொடாது. 1986இல் வந்த இன்னொரு சட்டம், நிலநடுக்க அபாயம் அதிகமுள்ள மண்டலத்தில் இருக்கும் நகரங்களும் கவுண்டிகளும் கம்பி இல்லாத செங்கல் கட்டடங்களைக் கணக்கெடுத்து ஒரு திட்டம் போட வேண்டும் என்றது. என்ன திட்டம் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதனால் சில ஊர்களில் பலப்படுத்தினார்கள், சில ஊர்களில் கடிதம் மட்டும் அனுப்பினார்கள். கவுண்டி அந்தப் பட்டியலை வைத்திருந்தால் ஹால் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலில் இருந்து, பலப்படுத்தாமல் இருந்தால் வாசலில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், கையகலம்தான் இருக்கும். பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூடியது சரியான முடிவாகவும் இருக்கலாம், அதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். என்ன ஆய்வின்மேல் மூடினார்கள் என்று கேளுங்கள். எங்கள் துறையில் ஏஎஸ்சிஇ 41 என்ற தரநிலை உண்டு. அதில் முதல் கட்டம் ஒரு செக்லிஸ்ட். அதில் "பொருந்தவில்லை" என்று நிறைய வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போய்க் கணக்குப் போட வேண்டும் என்று அர்த்தம், இடிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. முதல் கட்டத்தை மட்டும் செய்துவிட்டு, "எஞ்சினியர் ஆபத்து என்றுவிட்டார்" என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த எஞ்சினியர் சில சமயம் நானே.

இன்னொன்று. 1920களின் கட்டடம் வரலாற்றுச் சின்னமாகத் தகுதி பெற்றால், பழுதுபார்ப்புக்கு மாநிலத்தின் தனி வரலாற்றுக் கட்டட விதிகளைப் பயன்படுத்தலாம், செலவு குறைய வழி உண்டு. அப்படிப்பட்ட கட்டடத்தை இடிப்பதானால் சுற்றுச்சூழல் அறிக்கை இல்லாமல் எளிதில் நகர முடியாது.


லாரிநிறுத்தம்:

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். நான் மறுபக்கம் இருந்தவன். தோட்டவேலை கம்பெனி வைத்திருக்கிறேன், நாலு லாரி நிறுத்த இதே மாதிரி பர்மிட் கேட்டேன், வேறொரு கவுண்டியில். மனு முழுமையா இல்லையா என்று 30 நாளில் சொல்ல வேண்டும் என்று 1977 சட்டம் இருக்கிறது. அவர்களும் 30ஆவது நாள் சரியாகச் சொன்னார்கள், இது குறைகிறது என்று. அதைக் கொடுத்தால் அடுத்த 30ஆவது நாள் வேறொன்று. டிராஃபிக் ஆய்வு, மழைநீர் வடிகால் வரைபடம், ஃபயர் டிபார்ட்மென்டுக்கு ஒரு தனி வரைபடம், அதில் லாரி திரும்பும் வட்டம் போதவில்லை என்று இன்னொரு வரைபடம். லாரி வாங்கிய கடனைவிடக் காகிதத்துக்குச் செலவழித்தது வலித்தது. ஹியரிங் அன்று என்னோடு ஒரு வார்த்தை பேசாத பக்கத்து வீட்டம்மா எழுந்து நின்று, நான் அங்கே எண்ணெய்க் கிடங்கு வைக்கப்போவதாகப் பேசினார்.

அந்த ஆர்வி யார்டு மனுதாரர் பெயர் மனுவிலேயே இருக்கும். ஒரு போன் போடுங்கள். அந்தப் புள்ளிக்கோட்டை வரையச் சொன்னதே கவுண்டியின் ரோடு டிபார்ட்மென்டாக இருக்கலாம், மெயின் ரோட்டில் இரண்டாவது வாசல் வேண்டாம் என்று. எனக்கு அப்படித்தான் நடந்தது.


பழையகவுன்டர்:

லாரி நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு நடக்கக்கூடியது. பேசிப் பாருங்கள். கண்டிஷனல் யூஸ் பர்மிட்டில் முக்கியமானதே கண்டிஷன்தான். இரவு எத்தனை மணிக்குக் கேட் மூடும், விளக்கு எந்தப் பக்கம் பார்க்கும், ஞாயிறு காலை படகு இழுத்து வரலாமா, ஹால் பார்க்கிங்கில் எத்தனை இடம் அப்படியே விட வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். "வேண்டாம்" என்று பத்துப் பேர் சொல்வதைவிட "இந்த நாலு கண்டிஷன் சேருங்கள்" என்று ஒருவர் எழுதிக் கொடுப்பதைக் கமிஷனர்கள் விரும்புவார்கள், அவர்களுக்கும் ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த பர்மிட் ஆளோடு போகாது, நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். இன்றைய மனுதாரர் தங்கமானவராக இருந்து நாளை விற்றுவிட்டால், வாங்குபவருக்கும் அதே பர்மிட்தான். அதனால் வாய்வார்த்தையில் நிற்காமல் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னால் கோர்ட்டுக்குப் போனால், ஹியரிங்கிலோ அதற்கு முன் எழுத்திலோ எழுப்பாத விஷயத்தை அங்கே புதிதாகக் கிளப்ப முடியாது. வழக்குப் போட 90 நாள்தான். கமிஷன் முடிவை எதிர்த்து சூப்பர்வைசர்களிடம் அப்பீல் போவதற்கு அதைவிட மிகக் குறைந்த நாள். கவுண்டிக்குக் கவுண்டி மாறும், நோட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன்வம்பு நண்பருக்கு. முன்னமே பேசி முடித்திருப்பார்கள் என்றால் அதற்கும் தேட இடம் இருக்கிறது. பர்மிட் முடிவுக்கு முந்தைய 12 மாதத்தில் மனுதாரர் ஒரு சூப்பர்வைசரின் தேர்தல் நிதிக்கு 500 டாலருக்கு மேல் கொடுத்திருந்தால், அந்த சூப்பர்வைசர் அந்த முடிவில் கலந்துகொள்ளக் கூடாது. 2024 வரை வரம்பு 250 டாலராக இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சூப்பர்வைசர்கள் 2022 வரை இதிலிருந்து தப்பித்திருந்தார்கள், இப்போது அவர்களும் உள்ளேதான். நிதிக் கணக்கு ஃபாரம் 460இல் இருக்கும், சொந்தச் சொத்து விவரம் ஃபாரம் 700இல். இரண்டையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஹாலை விற்பதானால் கவுண்டிக்குத் தாண்ட வேண்டிய படிகள் உண்டு. கவுண்டியின் ஜெனரல் பிளானுக்கு (நீண்டகால வளர்ச்சித் திட்டம்) அது ஒத்துப்போகிறதா என்று பிளானிங் ஏஜென்சி அறிக்கை கொடுக்க வேண்டும், அரசுச் சட்டத் தொகுப்பில் 65402ஆவது பிரிவு. இதைப் பல துறைகள் மறந்துவிட்டு, கடைசி வாரத்தில் எங்களிடம் ஓடிவரும். உபரி நிலம் என்று பொதுக்கூட்டத்தில் அறிவித்து, மலிவு விலை வீடு கட்டுபவர்களுக்கும் பூங்கா அமைப்புகளுக்கும் முதலில் காட்டி 60 நாள் காத்திருக்கவும் வேண்டும். நேரே ஆர்வி யார்டுக்காரருக்குக் கைமாற்ற முடியாது.

ஏன் வாளி வைக்கும் நிலைக்கு விட்டார்கள் என்பதற்கு என் கருத்தையும் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். 1978இல் மக்கள் ஓட்டில் புரொபொசிஷன் 13 வந்தபோது சொத்துவரியை 1 சதவீதத்தில் கட்டிப்போட்டார்கள், சொத்து கைமாறாதவரை மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. கவுண்டி கடன் பத்திரம் போட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதை 55 சதவீதமாகக் குறைக்க 2024இல் ஒரு முயற்சி நடந்தது, மக்களே தோற்கடித்தார்கள். பட்ஜெட் நேரத்தில் ஷெரீஃப், ஆஸ்பத்திரி, கூரை மூன்றும் வரிசையில் நின்றால் கூரை ஒரு வருடம் காத்திருக்கும் என்று எழுதுவார்கள். அந்த ஒரு வருடம்தான் முப்பது வருடமாகிறது. இது சாக்கு என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். காத்திருக்கிறது என்பதை வெளியே சொல்லவாவது காசு வேண்டாம் இல்லையா? எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு பழுது பாக்கி என்று ஒரு பட்டியல் பல கவுண்டிகளில் ஏதோ ஒரு கணினியில் இருக்கும். பழுதுச் செலவைப் புதிதாகக் கட்டும் செலவால் வகுத்து ஒரு எண் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலைக் கேளுங்கள், ஹால் மட்டும் போதும் என்று நிறுத்தாதீர்கள். உங்கள் ஹாலைவிட மோசமான எண் உள்ள கட்டடங்கள் திறந்திருந்தால், மூடியதற்கு வேறு காரணம் தேடலாம்.

எதுவும் நகரவில்லை என்றால் சிவில் கிராண்ட் ஜூரி. 58 கவுண்டிகளிலும் ஆண்டுதோறும் குடிமக்களை வைத்து அமைப்பார்கள், கவுண்டி நிர்வாகத்தைத் துருவுவதே வேலை. ஜூரியில் உட்காரத்தான் குடியுரிமை வேண்டும், புகார் கொடுக்க வேண்டாம். அவர்கள் அறிக்கைக்கு சூப்பர்வைசர் போர்டு 90 நாளில் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். "பரிந்துரையை ஏற்கவில்லை" என்றும் பதில் சொல்லலாம், அதற்கும் காரணம் எழுத வேண்டும்.


மல்லிப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சுவரில் அந்தக் குட்டைப்பக்க வரிசை இருக்கிறது. கூரை மட்டத்தில் தட்டுகளும் இருக்கின்றன, ஆனால் தெருப் பக்கம் மட்டும். எச்சரிக்கைப் பலகை எங்கும் காணோம். அஜெண்டாவில் பார்சல் எண்ணைப் போட்டுத் தேடினேன். குளோஸ்டு செஷனில் ஒரு வரி கிடைத்தது: ஹாலின் எண், எதிர்த்தரப்பாக மனுதாரரின் கம்பெனி, பேசுவது "விலையும் நிபந்தனைகளும்". கதவில் தாள் ஒட்டுவதற்கு முந்தைய கூட்டம் அது.

ஆவணக் கடிதம் போட்டேன். 14 நாள் நீட்டிப்பு என்று பதில் வந்திருக்கிறது. மனுவின் முதல் பக்கத்தை மட்டும் பிளானர் உடனே அனுப்பிவிட்டார். அதில் ஹால் பார்சல் இல்லை, கவுண்டி கையெழுத்தும் இல்லை. இதைக் கேட்டு எழுதிய இரண்டாம் நாள், மனுதாரர் கேட்டுக்கொண்டபடி ஹியரிங் தள்ளிவைப்பு என்று அறிவிப்பு. லாரிநிறுத்தம் அண்ணா, அவருக்கு போன் செய்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே ரோடு டிபார்ட்மென்ட் சொல்லித்தான் அந்த வழியை வரைந்தாராம். ஹாலை வாங்கும் எண்ணம் தனக்கு இல்லை, வழி மட்டும் போதும் என்கிறார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். அங்கே தினமும் மதியம் சாப்பிடப் போய்க்கொண்டிருந்த என் மாமியாருக்கு ஹியரிங்கில் பேச வேண்டுமாம். அவருக்குத் தமிழ் மட்டும்தான். விடுவார்களா?


பழையகவுன்டர்:

தாராளமாக. மொழிபெயர்க்க நீங்களே பக்கத்தில் நிற்கலாம். மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் என்றால், மொழிபெயர்ப்பாளரோடு பேசுபவருக்குக் குறைந்தது ஆறு நிமிடம் கொடுக்க வேண்டும், பிரவுன் சட்டத்திலேயே இருக்கிறது. ஹெட்போனில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி வைத்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. முந்தைய நாளே கிளர்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டைமரை மூன்றில் வைத்துவிட்டு அப்புறம் மாற்றத் தெரியாமல் முழிப்பார்கள். மேடையோர வாளியைப் பற்றி மாமியாரையே சொல்லச் சொல்லுங்கள். எந்த வருடத்திலிருந்து வாளி வைத்தார்கள் என்பது அவருக்குத்தான் நினைவிருக்கும், கவுண்டியின் வேலை உத்தரவுகள் வந்ததும் அந்த வருடத்தோடு ஒத்துப்பாருங்கள்.